பைபாஸுக்குப் பின் சீழ்பிடித்த மார்பெலும்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

இதய அறுவைக்காக நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கப்பட்ட மார்பெலும்பு, எஃகுக் கம்பிகளால் கட்டப்பட்ட பிறகு இரண்டு மூன்று மாதங்களில் உறுதியாகக் கூடிவிட வேண்டும். பெரும்பாலானவர்களுக்குக் கூடியும் விடுகிறது. நூறு பேரில் ஒருவர் முதல் மூவர் வரை, அறுத்த இடத்தின் ஆழத்தில் கிருமி தங்கி, எலும்பு கூடாமல், சீழோடு திரும்பி வருகிறார்கள். அப்படி வந்த 61 வயதுப் பெண்மணி ஒருவருக்கு என்ன நேர்ந்தது, அவருடைய நெஞ்சை எதைக் கொண்டு மூடினோம், ஏன் அதைத் தேர்ந்தெடுத்தோம் என்பதையே இங்கு எழுதுகிறேன். அவரை யாரும் அடையாளம் காணாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதே நிலையில் வந்த வேறு சிலரிடம் கண்டவையும் இதில் கலந்திருக்கின்றன.

இத்தகைய புண்ணைச் சீரமைக்கும் மருத்துவருக்கு முதலில் தெரிந்தாக வேண்டிய செய்தி, இதய அறுவையின்போது எந்தத் தமனி எடுக்கப்பட்டது என்பதுதான். நெஞ்சை மூட எந்தத் தசை கிடைக்கும், எது கிடைக்காது என்பதைக் கிருமியைக் காட்டிலும், புண்ணின் அளவைக் காட்டிலும், அந்தச் செய்தியே தீர்மானிக்கிறது. ஆனால் அது நோயாளியின் கையிலுள்ள காகிதங்களில் பெரும்பாலும் இருப்பதில்லை.

நோயாளி வந்த நிலை

அவருக்குப் பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு, இதய அறுவைக்கு முன் 9.4 விழுக்காடு. உயரத்துக்கு மிஞ்சிய எடை, உடல்நிறைக் குறியீடு 31. இருபது ஆண்டுகளுக்கு முன் பித்தப்பைக் கல்லுக்காக வயிற்றைத் திறந்து செய்த அறுவையின் தழும்பு, வலது விலா ஓரத்துக்குக் கீழே சாய்வாக நீண்டிருந்தது. அந்தத் தழும்பைப் பற்றி அவரும் சொல்லவில்லை, முதல் நாள் நாங்களும் பொருட்படுத்தவில்லை. பின்னர் அதுவே எங்கள் திட்டத்தை மாற்றியது.

மூன்று தமனி அடைப்புகளுக்கு வேறொரு மருத்துவமனையில் பைபாஸ் செய்யப்பட்டு, எட்டாம் நாள் வீடு திரும்பியிருந்தார். பன்னிரண்டாம் நாள் புண்ணின் கீழ்முனையில் ஈரம் கசிந்தது. அருகிலிருந்த சிறிய மருத்துவமனையில் கட்டுப் போட்டு, விழுங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பினார்கள். கசிவு குறைந்ததுபோல் தோன்றியதால் குடும்பத்தாரும் நிம்மதியடைந்தனர். பதினேழாம் நாளிலிருந்து, படுக்கையில் புரளும்போதும் இருமும்போதும் நெஞ்சுக்குள் ஏதோ உரசுவதை அவர் உணர்ந்திருக்கிறார். இருபத்து மூன்றாம் நாள் காய்ச்சலோடும் குளிர்நடுக்கத்தோடும் எங்களிடம் வந்தபோது முதலில் அதைத்தான் சொன்னார்:

“நெஞ்சுக்குள்ள லொடக்கு லொடக்குன்னு நகருது தம்பி. இருமினா ரெண்டாப் பொளந்துரும்போல இருக்கு.”

இந்த ஒரு வாக்கியத்துக்கு இரத்தப் பரிசோதனை அறிக்கையைவிடக் கூடுதல் எடை உண்டு. கட்டிய எலும்பின் இரு பாதிகளும் ஒன்றோடொன்று அசைகின்றன என்பதையே அது சொல்கிறது. அசையும் எலும்பில் கிருமி குடியேறுவதும், கிருமி குடியேறிய எலும்பு மேலும் தளர்வதும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டே போகும். மேல்தோலில் கசியும் ஈரத்தை மட்டும் பார்த்துக் கட்டுப் போடுகிறவர், இரண்டு உள்ளங்கைகளையும் மார்பெலும்பின் இருபுறமும் வைத்து நோயாளியை ஒருமுறை இருமச் சொன்னால் போதும், உள்ளே என்ன நடக்கிறது என்பது கைக்கே தெரிந்துவிடும். அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. பன்னிரண்டாம் நாளில் யாராவது அதைச் செய்திருந்தால் எலும்பில் ஒரு பகுதியையாவது காப்பாற்றியிருக்க முடியும் என்று நான் நம்புகிறேன்.

காய்ச்சல் 102 டிகிரி ஃபாரன்ஹீட். புண்ணின் கீழ் மூன்றிலொரு பங்கு பிளந்து, மூச்சு விடும்போதெல்லாம் சீழ் மேலெழுந்து இறங்கியது. வெள்ளணுக்கள் 17,800; உடலின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. லிட்டருக்கு 186 மில்லிகிராம்; ஹீமோகுளோபின் 8.9; இரத்தப் புரதமான ஆல்புமின் 2.6; சிறுநீரகத் தளர்ச்சியைக் காட்டும் கிரியாட்டினின் 1.5. சி.டி. படத்தில் ஆறு கம்பிகளில் மூன்று இடம் பெயர்ந்திருந்தன; எலும்பின் பாதிகளுக்கு இடையே இடைவெளி தெரிந்தது; எலும்புக்குப் பின்னே காற்றுக் குமிழ்களோடு நீர் தேங்கியிருந்தது. இதய அறுவைக்குப் பிந்தைய முதல் இரண்டு வாரங்களில் நீரும் காற்றும் இயல்பாகவே அங்கே இருக்கக்கூடும் என்பதால், அந்த நாட்களில் எடுக்கும் சி.டி. படத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. மூன்று வாரங்கள் கடந்தபின் காணும் காற்றுக் குமிழை அப்படி ஒதுக்கிவிட முடியாது.

இரத்த வளர்ப்புச் சோதனையில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்தது. மார்பெலும்பு திறக்கப்பட்ட ஒருவரின் இரத்தத்தில் இந்தக் கிருமி காணப்பட்டால், வேறிடம் உறுதிப்படும்வரை அது நெஞ்சுக் கூட்டின் ஆழத்திலிருந்தே வருகிறது என்று கொள்வது பாதுகாப்பானது. இதய வால்வுகளில் கிருமி தொற்றியிருக்கிறதா என்று உணவுக்குழாய் வழி எக்கோவில் பார்த்தோம்; இல்லை. இதயத்தின் சுருங்கு திறன் சற்றே குறைந்து 48 விழுக்காடு இருந்தது.

அறுவைக் குறிப்பைத் தேடியது

அவர் கொண்டுவந்த டிஸ்சார்ஜ் அறிக்கையில் ‘மூன்று பைபாஸ் இணைப்புகள்’ என்று மட்டுமே இருந்தது. இணைப்புக்கு எடுத்த குழாய்கள் எவை என்று அதில் இல்லை. அதனால் முதல் அறுவை செய்த குழுவோடு அன்று மாலையே தொலைபேசியில் பேசினோம். அவர்கள் தயங்காமல் அறுவைக் குறிப்பின் நகலை அனுப்பி வைத்தார்கள். இடது உள்மார்புத் தமனி இதயத்தின் முன்பக்கத் தமனியோடு இணைக்கப்பட்டிருந்தது. மற்ற இரண்டு இணைப்புகளுக்கும் காலிலிருந்து எடுத்த சிரை பயன்பட்டிருந்தது. வலது உள்மார்புத் தமனியையும் இரைப்பையை ஒட்டிய தமனியையும் தொடவில்லை.

உள்மார்புத் தமனி, மார்பெலும்பின் இருபுறமும் விலாக் குருத்தெலும்புகளுக்குப் பின்னால் மேலிருந்து கீழாக ஓடுகிறது. மார்பெலும்புக்கு இரத்தம் கொடுப்பது முதன்மையாக அதுதான். அதே தமனி கீழே இறங்கி, வயிற்றின் முன்பக்கம் மேலிருந்து கீழாக ஓடும் நேர்தசைக்குள் புகுந்து அதற்கும் உயிரூட்டுகிறது. வழியில் அது தரும் கிளைகள் விலா இடைவெளிகளின் ஊடாக வெளியே வந்து பெருமார்புத் தசையின் உள்ளோரத்தை அடைகின்றன. இதயத்துக்கு அந்தத் தமனியைவிடச் சிறந்த பைபாஸ் குழாய் இல்லை. பல ஆண்டுகளுக்கு அடைபடாமல் நிற்பது அதுவே. ஆகவே அதை எடுத்தது தவறே அன்று, எடுக்காமல் விட்டிருந்தால்தான் குறை. ஆனால் அதை எடுத்த பக்கத்தில் மார்பெலும்பின் பாதியும், வயிற்று நேர்தசையும், பெருமார்புத் தசையின் உள்ளோரமும் அந்தத் தமனி வழியே வரும் இரத்தத்தை ஒரே நேரத்தில் இழக்கின்றன. சர்க்கரை நோயாளிக்கு இருபக்கத் தமனிகளையும் எடுக்கும்போது மார்பெலும்புத் தொற்றின் அபாயம் கூடுவதன் காரணம் இதுவே. சுற்றுத் திசுக்களை விட்டுவிட்டுத் தமனியை மட்டும் தனியே உரித்தெடுக்கும் முறையைப் பல அறுவை நிபுணர்கள் விரும்புவதும் இதனால்தான்.

முதல் திறப்பு

இருபத்து நான்காம் நாள் காலை அறுவை அரங்குக்குக் கொண்டு சென்றோம். இது சீழை வடிக்கும் சிறிய வேலையாக வெளியிலிருந்து தோன்றலாம். உண்மையில், முழு சிகிச்சையிலும் உயிருக்கு மிக அதிக ஆபத்து உள்ள கட்டம் இதுதான். மூன்று வாரங்களில் இதயத்தின் வலது கீழறை மார்பெலும்பின் பின்புறத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கம்பியை இழுக்கும்போதோ எலும்பை விரிக்கும்போதோ மெல்லிய அந்தச் சுவர் கிழிந்தால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். எனவே இதய அறுவை நிபுணர் அருகில் நிற்க, இதய-நுரையீரல் இயந்திரத்தை ஆயத்தமாக வைத்து, அதை இணைக்கத் தொடையின் தமனியையும் சிரையையும் எட்டும்படி தொடையையும் தூய்மைப்படுத்தி, சுற்றிலும் துணி விரித்த பிறகே தொடங்கினோம்.

கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டி, வெட்டிய முனை உள்ளே கீறாதபடி இடுக்கியால் பிடித்து, முறுக்காமல் நேராக உருவினோம். இடப்பக்கம் மூன்று கம்பிகள் எலும்பையே அறுத்துக்கொண்டு வெளியே வந்திருந்தன. எலும்புக்குப் பின்னிருந்து சுமார் 80 மில்லி சீழ் வந்தது. இடது பாதி எலும்பு வெளிறி, சுரண்டினாலும் இரத்தம் கசியாமல் கிடந்தது. வலது பாதியில் மேல் பகுதி உயிரோடிருந்தது. உயிரற்ற எலும்பை இரத்தம் கசியும் எல்லை வரை நீக்கினோம். முந்தைய அறுவையில் இரத்தக் கசிவை நிறுத்த எலும்பின் விளிம்பில் பூசியிருந்த மெழுகின் எச்சம் இருந்தது. எலும்பு கூடுவதைத் தடுக்கும் அந்த அயற்பொருளையும் சுத்தமாக அகற்றினோம்.

தோலின் மேலிருந்து பஞ்சில் ஒற்றி எடுத்த சீழை நம்பிச் சிகிச்சையைத் தீர்மானிப்பது பெரும் பிழைக்கு வழிவகுக்கும், ஏனெனில் அதில் வளர்வது பெரும்பாலும் தோலின் கிருமிகளே. எலும்பு, குருத்தெலும்பு, எலும்புக்குப் பின்னுள்ள திசு ஆகியவற்றிலிருந்து ஐந்து தனித்தனிக் கருவிகளால் ஐந்து துண்டுகளை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினோம். காசநோய்க் கிருமிக்கும், வேகமாக வளரும் வகையைச் சேர்ந்த பிற மைக்கோபாக்டீரியாக்களுக்கும் சேர்த்தே சோதிக்கச் சொன்னோம். நம் நாட்டில் அறுவைத் தழும்புகளில் மாதக்கணக்கில் ஆறாமல் கசியும் புண்களுக்கு இவை காரணமாவதைக் காண்கிறோம். வழக்கமான வளர்ப்புச் சோதனையில் இவை பெரும்பாலும் தெரிவதில்லை, தேடினால்தான் கிடைக்கும். இவருக்கு அவை இல்லை. ஐந்து துண்டுகளிலும் அதே ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்தது. மெதிசிலின் என்ற ஆன்டிபயாடிக் வகைக்குக் கட்டுப்படும் கிருமி என்பது தெரிந்ததும், முதல் நாள் முன்னெச்சரிக்கையாகத் தொடங்கிய வேன்கோமைசினை நிறுத்திச் செஃபசோலினுக்கு மாறினோம். ‘பெரிய’ மருந்தை நிறுத்திவிட்டுச் ‘சிறிய’ மருந்து தருகிறார்களே என்று அவருடைய மகன் கவலைப்பட்டார். கட்டுப்படும் கிருமியை வேன்கோமைசினைவிடச் செஃபசோலின் நன்றாகக் கொல்லும் என்பதையும், ஏற்கெனவே தளர்ந்திருந்த சிறுநீரகங்களுக்கு அதுவே நல்லது என்பதையும் அவருக்கு விளக்கினோம்.

திறந்த நெஞ்சைப் பாதுகாத்த பதினொரு நாட்கள்

அன்றே மூடவில்லை. 1963-இல் ஷூமேக்கரும் மேன்டல்பாமும், சீழ்பிடித்த மார்பைச் சுத்தம் செய்து மூடி, குழாய்கள் வழியே மருந்துநீரைச் செலுத்தி வெளியேற்றும் முறையை எழுதினார்கள். அது பலரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் எலும்பே இறந்துபோன இடத்தில், நீரோட்டம் எலும்புக்கு உயிர் கொடுப்பதில்லை. புண்ணைத் திறந்தே விட்டு நாளுக்கு இருமுறை துணி அடைத்துக் கட்டுவதும் ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. அப்படி விட்டால் நெஞ்சுக்கூடு நிலையிழந்து, நோயாளி நாள்கணக்கில் வென்டிலேட்டரிலேயே கிடக்க நேரும்.

எனவே எதிரழுத்தக் கட்டு வைத்தோம். ‘வேக்’ என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் இந்த முறையை ஆர்ஜென்டாவும் மொரிக்வாஸும் 1997-இல் விரிவாக எழுதிய பிறகு அது உலகெங்கும் பரவியது. நுரைப்பஞ்சைப் புண்ணில் பொதிந்து, மேலே ஒட்டுத்தாளால் காற்றுப் புகாமல் மூடி, இயந்திரத்தால் உறிஞ்சும்போது புண்ணின் நீர் வெளியேறுகிறது, வீக்கம் குறைகிறது, புதிய தசைத்துளிர் வளர்கிறது. நெஞ்சைப் பொறுத்தவரை வேறொரு நன்மையும் உண்டு: இறுகிய பஞ்சு, பிளந்த இரு பக்கங்களையும் ஒரு சிம்புபோலப் பிடித்துக்கொள்வதால் நோயாளி தானாக மூச்சுவிட்டு, உட்கார்ந்து, நடக்க முடிகிறது.

இதில் ஓர் அபாயம் உண்டு. அது அரிது என்பதாலேயே மறக்கப்படுகிறது. பஞ்சு நேரடியாக இதயத்தைத் தொட்டால், உறிஞ்சும் விசையில் வலது கீழறை எலும்பின் கூர்மையான விளிம்பை நோக்கி இழுக்கப்பட்டுக் கிழியலாம். அதனால் எலும்பின் முனைகளை வழவழப்பாக்கி, இதயத்தின் மேல் பாராஃபின் தோய்த்த வலைத்துணியைப் பல அடுக்குகளாக விரித்து, விளிம்புகளுக்குக் கீழும் செருகி, அதன் மேலேயே பஞ்சை வைத்தோம். வழக்கமான 125 மி.மீ. பாதரச அளவுக்குப் பதில் 75-இல் தொடங்கினோம். இயந்திரம் இல்லாத இடங்களில் சுவரிலுள்ள உறிஞ்சு குழாயையே இணைத்துவிடும் வழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். காலில் உள்ள புண்ணுக்கு அது உதவலாம். அழுத்தத்தை நிலையாகக் கட்டுப்படுத்த முடியாத அந்த ஏற்பாட்டை இதயத்தின் மேல் வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

செவிலியர்களுக்கு ஓர் அறிவுறுத்தலை எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினோம்: உறிஞ்சிய நீர் சேரும் குடுவையில் புத்தம்புதிய சிவந்த இரத்தம் வேகமாக வந்தால், உறிஞ்சுவதை உடனே நிறுத்த வேண்டும், பஞ்சை எடுக்காமல் அதன் மேலேயே கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இதய அறுவைக் குழுவை அழைக்க வேண்டும். அப்படி எதுவும் நேரவில்லை என்றாலும், இரவுப் பணியில் இருந்த இளம் செவிலியர் ஒவ்வொரு மணி நேரமும் குடுவையின் நிறத்தைக் குறித்து வைத்திருந்ததை நன்றியோடு நினைக்கிறேன்.

இருபத்தேழாம் நாள் மீண்டும் திறந்து பார்த்தபோது, இடப்பக்கம் ஐந்தாவது, ஆறாவது விலாக் குருத்தெலும்புகளின் முனைகள் மஞ்சளித்து மென்மையாகியிருந்தன. குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய் கிடையாது. கிருமி அதற்குள் புகுந்துவிட்டால் மருந்து அங்கே போய்ச் சேராது. அது ஊர்ந்து பரவும், பல மாதங்கள் கழித்து வேறோரிடத்தில் துளையிட்டு வெளிவரும். அவற்றைக் கண்டிப்பாக நீக்கினோம். முப்பத்தொன்றாம் நாள் மூன்றாம் முறை பார்த்தபோது புண் சிவந்து துளிர்த்திருந்தது. அன்று எடுத்த திசுத் துண்டுகளில் எதுவும் வளரவில்லை. சி.ஆர்.பி. 41-க்கு இறங்கியிருந்தது.

அறுவை அரங்குக்கு வெளியே நடந்த சிகிச்சையும் சிறிதன்று. இன்சுலினைச் சொட்டு சொட்டாகச் செலுத்திச் சர்க்கரையை 140-க்கும் 180-க்கும் இடையே நிறுத்தினோம். ஆல்புமின் 2.6 உள்ள உடலில் எந்தத் தசையை நகர்த்தி வைத்தாலும் தையல் பிடிக்காது. முட்டையின் வெள்ளைக்கரு, பருப்பு, புரதமாவு என்று உணவியலாளர் வகுத்ததை அவருடைய தங்கை வேளை தவறாமல் ஊட்டினார். மூன்றாம் முறை அரங்குக்கு அழைத்தபோது, “இன்னும் எத்தனை தடவதான் தொறப்பீங்க?” என்று நோயாளி அழுதார். சுத்தமாகிவிட்டது என்று கிருமிச் சோதனை சொன்ன பிறகுதான் மூடுவேன், அதற்கு முன் மூடினால் இதைவிடப் பெரிதாகத் திறக்க வேண்டிவரும் என்று அவரருகில் உட்கார்ந்து சொன்னேன். சமாதானம் ஆனாரோ இல்லையோ, சம்மதித்தார்.

எதைக் கொண்டு மூடுவது

சுத்தம் செய்து முடித்தபோது நெஞ்சில் 16 சென்டிமீட்டர் நீளமும், 7 சென்டிமீட்டர் அகலமும், கீழ்முனையில் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட குழி இருந்தது. மீண்டும் கம்பி கட்டவோ டைட்டேனியத் தகடு பொருத்தவோ இடப்பக்கத்தில் எலும்பே இல்லை. குழி நிரம்ப வேண்டும். நிரப்பும் பொருள் தனக்கென்று இரத்த ஓட்டம் உள்ளதாக இருக்க வேண்டும். வெற்றிடம் விட்டு மேலே தோலை மட்டும் இழுத்துத் தைத்தால், அந்த வெற்றிடத்தில் நீர் சேரும், நீரில் கிருமி சேரும்.

இந்தக் கருத்து இன்று எளிதாகத் தோன்றுகிறது. 1976-இல் லீயும் அவருடைய குழுவினரும் வயிற்றிலுள்ள ஒமென்டம் என்ற கொழுப்புத் திரையை மேலே கொண்டுவந்து இத்தகைய குழியை நிரப்பியதை எழுதினார்கள். 1980-இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜுர்கீவிச்சும் அவருடைய குழுவினரும் தசை மடல்களால், அதாவது இரத்த ஓட்டத்தோடு நகர்த்தி வைக்கும் தசைகளால், மூடும் முறையை வெளியிட்டார்கள். அதுவரை சீழ்பிடித்த மார்பெலும்பு என்பது பலருக்கு மரணத் தீர்ப்பாகவே இருந்தது. 1984-இல் பைரோலெரோவும் ஆர்னால்டும் இந்தத் தொற்றை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: முதல் சில நாட்களில் இரத்தம் கலந்த நீர் கசிவது, முதல் சில வாரங்களில் சீழோடு வருவது, மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் புரையோடிய துளையாக வருவது. நம் நோயாளி இரண்டாம் வகை.

அவருக்கு இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டோம். குழியின் கீழ்முனையை எட்டுவதற்கு மிக வசதியானது வயிற்று நேர்தசை. அதன் மேல்முனைத் தமனியை ஆதாரமாக வைத்துத் தசையை மேலே திருப்பினால் ஆழமான கீழ்க்குழி நன்றாக நிரம்பும். ஆனால் அந்தத் தமனி உள்மார்புத் தமனியின் தொடர்ச்சி. இடப்பக்கத் தமனி இப்போது இதயத்தில் இருப்பதால் இடது நேர்தசையை நம்ப முடியாது. வலது நேர்தசையின் தமனி அப்படியே இருந்தது. ஆனால் தசையையே இருபது ஆண்டுகளுக்கு முன் பித்தப்பை அறுவையின்போது குறுக்கே வெட்டியிருக்கிறார்கள். தழும்புக்குக் கீழுள்ள பகுதிக்கு மேலிருந்து இரத்தம் போகாது. முதல் நாள் நாங்கள் பொருட்படுத்தாத தழும்பு இப்படித்தான் குறுக்கே வந்தது.

பெருமார்புத் தசையை இரண்டு வழிகளில் பயன்படுத்தலாம். மார்பெலும்பின் ஓரத்தில் நுழையும் உள்மார்புத் தமனியின் கிளைகளை ஆதாரமாக வைத்து, புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவதுபோலத் தசையைக் குழிக்குள் புரட்டிப் போடலாம். இடப்பக்கம் அது இயலாது. வலப்பக்கம் இயலும் என்றாலும், எலும்பின் ஓரத்தைச் சுரண்டியபோது அந்தக் கிளைகளில் சில போயிருக்கக்கூடும். இரண்டாவது வழியில், காறையெலும்புக்குக் கீழே நுழையும் தோள்-மார்புத் தமனியை ஆதாரமாக வைத்துத் தசையை விலாக்களிலிருந்து பிரித்து நடுக்கோட்டை நோக்கி நகர்த்தலாம். இது அக்குளுக்குச் செல்லும் பெருந்தமனியிலிருந்து வருவதால் இதய அறுவை இதைத் தொடுவதில்லை; இருபுறமும் நம்பகமானது. ஆனால் இப்படி நகரும் தசை மேல் மூன்றில் இரண்டு பங்கை மூடுமே தவிர, கீழ்முனையை அடையும்போது மெலிந்துவிடும். தையல் பிரிந்து மீண்டும் திறப்பது பெரும்பாலும் அந்தக் கீழ்முனையில்தான்.

முதுகின் அகன்ற தசையையும் எண்ணினோம். அதற்கு நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மார்பெலும்பு இல்லாத, இதயத் திறன் குறைந்த ஒருவரை அப்படித் திருப்புவதைக் காட்டிலும், அந்தத் தசையைப் பின்னாளைய தேவைக்குச் சேமித்து வைப்பதே நல்லது என்று கருதினோம்.

எஞ்சியது ஒமென்டம். இரைப்பையிலிருந்து தொங்கிக் குடலை மூடிக்கிடக்கும் கொழுப்புத் திரை அது. இரத்தக்குழாய்களும் நிணநீர் நாளங்களும் நோயெதிர்ப்பு அணுக்களும் நிறைந்தது. எந்த மூலைமுடுக்கிலும் பொருந்தும் மென்மை கொண்டது. வயிற்றைத் திறக்க வேண்டும் என்பதும், நெஞ்சின் கிருமி வயிற்றுக்குள் போகக்கூடும் என்பதும், பின்னாளில் அந்த வழியில் குடலிறக்கம் வரக்கூடும் என்பதும் இதன் குறைகள். கிருமிச் சோதனை சுத்தம் என்று வந்திருந்ததால் இரண்டாவது அச்சம் குறைந்தது. ஆழத்தை ஒமென்டத்தால் நிரப்பி, அதன் மேல் இருபக்கப் பெருமார்புத் தசைகளையும் நடுவில் சந்திக்க வைப்பது என்று முடிவு செய்தோம்.

சீரமைப்பு

முப்பத்தைந்தாம் நாள், நெஞ்சுப் புண்ணின் கீழ்முனையிலிருந்து வயிற்றின் நடுக்கோட்டில் 7 சென்டிமீட்டர் நீட்டித் திறந்தோம். எதிர்பார்த்தபடியே பித்தப்பை இருந்த இடத்தில் ஒமென்டம் ஒட்டியிருந்தது. ஒட்டுகளைப் பொறுமையாகப் பிரித்தெடுக்க முக்கால் மணி நேரமானது. பெருங்குடலிலிருந்து அதை விடுவித்து, இரைப்பையை ஒட்டி ஓடும் வலப்பக்கத் தமனியை ஆதாரமாக வைத்து, விலா வளைவின் முன்னால் ஒரு வழி அமைத்து மேலே கொண்டுவந்தோம். வழி குறுகலானால் தமனி நெரிபடும், அகலமானால் குடல் வெளியே வரும். இரண்டு விரல்கள் நெருக்கமாக நுழையும் அளவில் நிறுத்தினோம். குழியின் கீழ்ப்பாதி முழுவதும் இயல்பாக நிரம்பியது.

பெருமார்புத் தசைகளை இருபுறமும் விலாக்களிலிருந்து விடுவித்தோம். இடப்பக்கம் எளிதாக நடுக்கோட்டை எட்டியது. வலப்பக்கம் இழுவிசை தெரிந்ததால், அக்குள் மடிப்பில் ஒரு சிறு கீறலிட்டு, கையெலும்போடு தசை சேரும் இடத்தில் ஒரு பகுதியைத் துண்டித்ததும் தளர்ந்தது. இரண்டு தசைகளையும் ஒமென்டத்தின் மேல் நடுவில் சேர்த்துத் தைத்து, இரண்டு வடிகுழாய்களை வைத்து, தோலை இழுவிசையின்றி மூடினோம்.

பின்னர் நடந்தவை

மறுநாள் காலை வென்டிலேட்டரிலிருந்து விடுபட்டார். கையை ஊன்றி எழக்கூடாது, இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் பழக்கினார். மார்பகங்களின் எடை கீழே இழுத்துத் தையலைப் பிரிக்கக்கூடும் என்பதால், இரவிலும் தாங்கு உள்ளாடை அணியச் சொன்னோம். கூச்சத்தாலும் வலியாலும் முதல் அறுவைக்குப் பின் அவர் அதைத் தவிர்த்திருந்தார். யாரும் அவரிடம் அதைப் பற்றிப் பேசவுமில்லை. பெண் நோயாளிகளிடம் இதை முதல் அறுவைக்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஐந்தாம் நாள் தோலின் கீழ்முனையில் 2 சென்டிமீட்டர் அளவுக்குக் கறுத்தது. அடியில் உயிருள்ள ஒமென்டம் இருந்ததால் ஆழம் திறக்கவில்லை. வெறும் கட்டிலேயே மூன்று வாரங்களில் ஆறியது. தசை மட்டும் அங்கே இருந்திருந்தால் இவ்வளவு எளிதாக முடிந்திருக்காது. நாளுக்கு 30 மில்லிக்குக் கீழ் வந்ததும் வடிகுழாய்களை ஏழாம் நாளும் பதினொன்றாம் நாளும் எடுத்தோம். செஃபசோலின் மொத்தம் ஆறு வாரம். நான்கு வாரம் எங்களிடமும், மீதி இரண்டு வாரம் கையிலிருந்து மார்பு வரை செலுத்திய நீண்ட குழாய் வழியே அவருடைய ஊர் மருத்துவமனையிலும் செலுத்தப்பட்டது. சிறுநீரகங்கள் தேறி, கிரியாட்டினின் 1.1-க்கு வந்தது.

மூன்றாம் மாதம் புண் முழுவதும் ஆறியிருந்தது, சி.ஆர்.பி. 4. இருமும்போது நெஞ்சின் நடுப்பகுதி சற்றே உள்வாங்கி வெளிவருவதைப் பார்க்க முடிந்தது. மார்பெலும்பு இல்லாமல் எப்படி வாழ்வது என்று குடும்பத்தார் அஞ்சினார்கள். விலாக்களின் முனைகளும் தழும்பும் தசையும் சேர்ந்து இறுகிக்கொள்வதால், அன்றாட வேலைக்கு வேண்டிய மூச்சு குறைவதில்லை. நேரடியாக நெஞ்சில் அடிபடாமல் காத்துக்கொள்வது மட்டும் வாழ்நாள் முழுவதும் தேவை.

ஆறாம் மாதம், நாங்கள் அஞ்சிய ஒன்று வந்தது. மேல்வயிற்றில், ஒமென்டத்தைக் கொண்டுவந்த வழியில், எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு. படுத்தால் உள்ளே போய்விடுகிறது, வலி இல்லை. அதை மூடப்போனால் ஒமென்டத்தின் தமனியை நெரித்துவிடக் கூடாது என்பதால் அவசரப்படவில்லை. அவரும் இன்னொரு அறுவையை விரும்பவில்லை. வயிற்றுப்பட்டை அணிகிறார்.

ஓராண்டு முடிந்து வந்தபோது மாடிப்படி ஒன்றை நிற்காமல் ஏறினார். எச்பிஏ1சி 7.2. இடுப்பில் தண்ணீர்க்குடம் தூக்கலாமா என்று கேட்டார். சிறிய வாளியில் இருகைக்கும் பாதியாகப் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா என்றேன். அவருடைய கோப்பின் முதல் தாளாக இரண்டு அறுவைகளின் குறிப்புகளையும் நகலெடுத்து வைத்திருக்கிறோம்: இடது உள்மார்புத் தமனி எடுக்கப்பட்டது, வலது உள்மார்புத் தமனி அப்படியே உள்ளது, இரைப்பையை ஒட்டிய வலப்பக்கத் தமனி இப்போது மார்பிலுள்ள ஒமென்டத்துக்கு உயிரூட்டுகிறது, வயிற்று அறுவையின்போது அதை வெட்டக்கூடாது. மருத்துவமனைக்கு வரும்போதெல்லாம் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையோடு கொண்டுவருகிறார்.